லைஃப்ராஃப்ட் வாங்கியவர்கள், விரித்துப் பார்த்தவர்கள்: உங்கள் அனுபவம்?

கோத்தகிரியிலிருந்து, ஓய்வுபெற்ற கப்பல் எஞ்சினியர்:

கொச்சியில் நிற்கும் பாய்மரப் படகில் நாலு பேர் அந்தமான் போகிறோம், எந்த லைஃப்ராஃப்ட் (படகு மூழ்கினால் ஏறிக்கொள்ள, வாயு நிரம்பி விரியும் உயிர்காப்பு மிதவை) வாங்கலாம் என்று தம்பி கேட்டிருந்தார். மாடல் பெயர் சொல்லப்போவதில்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

சரக்குக் கப்பலில் ராஃப்ட் என்பது டெக் ஓரத்தில் வெள்ளை உருளைக்குள் கிடக்கும் சமாச்சாரம். சர்வீஸுக்குப் போகும், வரும். பயிற்சிக் குளத்தில், ஏற்கெனவே விரித்து வைத்ததில் ஏறியதோடு சரி.

அக்கா மகன் வாங்கிய படகோடு பழைய ராஃப்ட் ஒன்றும் வந்தது. இனி இது தேறாது என்று சர்வீஸ் நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். தூக்கிப் போடுமுன் விரித்துப் பார்க்கலாமே என்று இங்கே கொண்டுவந்தான்.

பச்சைத்தேயிலை எடை போடும் களத்தில் வைத்துக் கயிற்றை இழுத்தோம். வந்துகொண்டே இருந்தது. முழுக் கயிறும் வெளியே வந்தபிறகு ஓங்கி ஒரு சுண்டு சுண்டினால்தான் சிலிண்டர் திறக்கும். காலைக் குளிரில் வாயு மெதுவாகத்தான் ஏறியது. ராஃப்ட் நிமிர்ந்து நின்றதும் புஸ்ஸென்று சத்தம். “ஓட்டைங்க!” என்றார் கூடையோடு வேடிக்கை பார்த்த ஒரு அக்கா. ஓட்டை இல்லை. அழுத்தம் மிஞ்சினால் வால்வு வெளியே விடும், விடத்தான் வேண்டும். நிஜக் கோளாறு, திருப்பிப் போட்டபோதுதான் தெரிந்தது. ராஃப்டின் தரையும் சுற்றியுள்ள காற்றுக் குழாயும் சேரும் இடத்தில் பசை விட்டு, என் விரல் உள்ளே நுழைந்தது. டார்ச் பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது.

நாலு பேர் ராஃப்டில் நாலு பேர் உட்கார்ந்தும் பார்த்தோம். சோலாஸ் என்ற சர்வதேசக் கப்பல் பாதுகாப்பு விதிப்படி ஆளுக்கு 0.372 சதுர மீட்டர். ஒருவர் கால் நீட்டினால் இன்னொருவர் மடியில்! அதற்காக எட்டுப் பேர் அளவும் வேண்டாம், பாரம் குறைந்தால் காற்று புரட்டிவிடும். ஆறு போதும். அடியில் தொங்கும் தண்ணீர்ப் பைகள் பெரிதாக இருக்கின்றனவா பாருங்கள். புரளாமல் பிடிப்பது அவைதான்.

குன்னூரிலிருந்து:

அண்ணா சொன்னதோடு எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட கடற்படைக் குடும்பம் நாங்கள். எங்கள் படகுக்கு வாங்கப் போனபோது கடைக்காரர் பை மாடலைக் காட்டி, “சார் தூக்கிடுவார்” என்றார். சாருக்கே அடிபட்டுக் கிடந்தால்? கடையில் தரையிலிருந்து தூக்கிவிட்டேன். படகில் அதே எடையை ஏணி வழியாக மேலே ஏற்ற முடியவில்லை. டெக்கிலேயே பொருத்தும் பெட்டி மாடலை எடுத்தோம். கூடவே, படகு மூழ்கினால் தண்ணீர் அழுத்தத்தில் தானாக விடுவிக்கும் கருவி. 1.5 முதல் 4 மீட்டர் ஆழத்துக்குள் வேலை செய்யும். ஒருமுறை மட்டும் பயன்படும் வகைக்கு ஆயுள் 2 வருஷம்தான்.

வீட்டுக்காரர் விடாமல் சொல்வது 1979இல் நடந்த ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் பந்தயம். புயலில் 15 பந்தய வீரர்கள் இறந்தார்கள். ஆட்கள் கைவிட்டுப் போன படகுகள் 24, மூழ்கியவை 5. மீதி 19 படகுகளும் பிறகு மீட்கப்பட்டன. சில ராஃப்டுகளோ புரண்டும் பிய்ந்தும் போயின. காலுக்குக் கீழே படகு இருக்கும்வரை இறங்காதீர்கள்.

ஊட்டியிலிருந்து:

“நம்ம கடல் வெதுவெதுப்புதானே, இரட்டைத் தரை எதுக்கு?” என்று என்னிடமும் ஒரு கடையில் கேட்டார்கள். தலைக்குந்தா உறைபனியில் வளர்ந்தவனுக்குக் குளிரைப் பற்றிப் பாடம் வேண்டாம் சார்! வெதுவெதுப்பான தண்ணீரும் ராத்திரி முழுக்க அடியில் இருந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சும். நடுவே காற்று அடைத்த இரட்டைத் தரை உள்ள ராஃப்ட்தான் வாங்கினேன்.

படகில் சின்னத் தோணி இருந்தால் அதையும் விடாதீர்கள். 1972இல் பசிபிக்கில் படகு மூழ்கித் தவித்த ராபர்ட்சன் குடும்பத்தின் ராஃப்ட் 17 நாளில் கைவிட்டது. கூட இருந்த தோணிதான் 38ஆம் நாள் மீட்கப்படும்வரை தாங்கியது. அப்புறம், 406 மெகாஹெர்ட்ஸ் ஈபெர்ப் (செயற்கைக்கோள் வழியாக ஆபத்துச் சமிக்ஞை அனுப்பும் கருவி) வாங்கினால் மறக்காமல் பதிவு செய்யுங்கள்.

கோத்தகிரியிலிருந்து, மறுபடியும்:

தம்பி, பாதி விலைக்குப் பழையது கிடைக்கிறது என்று போட்டிருக்கிறீர்கள். பணம் கொடுக்குமுன் சர்வீஸ் நிலையத்தில் விரிக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். விற்பவர் அதற்கு மறுத்தால் பேரத்தை அங்கேயே விட்டுவிடுங்கள்.