பட்டாளத்து மினியேச்சர்: பெயின்ட்டைத் தாண்டி சிற்ப வேலையை எப்படிப் பார்க்கிறீர்கள்? (அனுபவப் பகிர்வு)

நாகர்கோவிலிலிருந்து, தொடங்கி வைப்பவர்

நல்ல பெயின்ட் அடித்த ஃபிகர், அதாவது சின்ன சிப்பாய் பொம்மை, யாரையும் ஏமாற்றிவிடும். அடியில் இருக்கும் சிற்ப வேலை தேறுமா தேறாதா என்று நீங்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? அவரவர் பட்டதைச் சொல்லுங்கள். முதலில் என்னுடையது.

மயிலாடியில் கல்வேலை செய்யும் பெரியவர் ஒருவர் எனக்கு மாமா முறை. அவரிடம் 54 மில்லிமீட்டர் உயர ஃபிகர் ஒன்றைக் காட்டினேன். முதல் உலகப்போர் சிப்பாய், துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு காலைத் தளர்த்தி நிற்கிறான். முகம் அவ்வளவு அழகு, தாடியில் இரண்டு நாள் முடி கூடத் தெரியும். மாமா முகத்தைப் பார்க்கவே இல்லை. நூலில் ஒரு சின்ன நட்டைக் கட்டி, ஃபிகரின் கழுத்துக்குழிக்கு நேராகத் தொங்கவிட்டார். நூல் இரண்டு பாதத்துக்கும் நடுவே வெறும் தரையில் போய் நின்றது. "இவன் நிக்கல மருமவனே, ஊனி வச்சிருக்கு" என்றார்.

கோயில் சிற்பத்தில் இதற்குக் கணக்கே உண்டு. இரண்டு காலிலும் சமமாக நின்றால் சமபங்கம், நூல் நடுவில் விழலாம். ஒரு காலில் எடையைப் போட்டு நின்றால் நூல் அந்தக் காலின் கணுக்கால் பக்கம் போக வேண்டும். அந்தப் பக்கத்து இடுப்பு ஏறும், அதே பக்கத்துத் தோள் கொஞ்சம் இறங்கும். என் சிப்பாய்க்குக் கால் மட்டும் தளர்ந்திருந்தது. இடுப்புப் பட்டை மட்டம் வைத்தது போல நேராக ஓடியது. கன்னியாகுமரிப் பாறையில் கணபதி ஸ்தபதி எழுப்பிய 133 அடி வள்ளுவர் சிலையை எத்தனை முறை பார்த்திருக்கிறோம், அந்த இடுப்பு ஒடிப்பு இல்லாவிட்டால் அது வெறும் தூண். 54 மில்லிமீட்டருக்கும் அதே நியாயம்தான் என்பது மாமாவின் கட்சி.

இப்போதெல்லாம் எனக்கு முதலில் கண் போவது பெல்ட்டுக்குத்தான். கண்ணும் மீசையும் அப்புறம்.

தக்கலையிலிருந்து

தம்பி, நான் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவன். பொம்மை சேர்ப்பது என் மகன். குறை சொல்வது மட்டும் என் வேலை.

சுடுகிற மாதிரி இருக்கும் ஃபிகர்களில் பாதி சுடாது. துப்பாக்கியின் கட்டை தோள்குழிக்குள் அமர்ந்து, கன்னம் கட்டையில் அழுந்தி, தலை கொஞ்சம் முன்னால் சாய வேண்டும். அப்போதுதான் கண் குறிக்கு நேரே வரும். பொம்மைக்காரர்கள் முகம் நன்றாகத் தெரியட்டும் என்று தலையை நிமிர்த்திவிடுகிறார்கள். அவன் துப்பாக்கிக்கு மேலே எதையோ வேடிக்கை பார்க்கிறான். மகன் வாங்கி வைத்திருக்கும் ஒருவன் மண்டியிட்டுச் சுடுகிறான். இடது முழங்கை முழங்கால் சிப்பியின் மேலேயே நிற்கிறது. எலும்பு மேல் எலும்பு வைத்தால் ஆடும். முழங்கையைச் சிப்பிக்குக் கொஞ்சம் முன்னால் தள்ளி வை என்பது பயிற்சியில் முதலில் திட்டு வாங்கும் பாடம். அதைச் செதுக்கியவர் மண்டியிட்ட ஆளை நேரில் பார்க்கவில்லை என்று அடித்துச் சொல்வேன்.

இன்னொன்று, கனம். தண்ணீர் நிறைந்த பாட்டில் இடுப்பில் தொங்கினால் பெல்ட் அந்த இடத்தில் இறங்கும், தோள் வார் சட்டைக்குள் அழுந்தி இரண்டு பக்கமும் துணி பிதுங்கும். நல்ல ஃபிகரில் இது தெரியும். மோசமானதில் சாமான் எல்லாம் ஒட்டுப்பொட்டு.

மார்த்தாண்டத்திலிருந்து

தக்கலை அண்ணன் சொன்ன கனம், இப்போது வரும் 3டி பிரிண்ட் ஃபிகர்களில்தான் அதிகம் அடிபடுகிறது. நான் கம்ப்யூட்டரில் செதுக்கிப் பழகுகிறவன், உள்வீட்டு ரகசியம் சொல்கிறேன். பாட்டில், பை, துப்பாக்கி எல்லாம் தயாராகக் கிடைக்கும், எடுத்து மாட்டிவிடலாம். பக்கிள் ஊசி வரை அச்சு அசலாக இருக்கும். ஆனால் மாட்டிய இடத்தில் துணியை அழுத்தி விடும் வேலையைக் கையால்தான் செய்ய வேண்டும். அதற்குப் பலருக்குப் பொறுமை இல்லை.

துணி மடிப்பைப் பாருங்கள். மடிப்பு என்றால் ஏதோ ஓர் இழுப்பிலிருந்து கிளம்பியிருக்க வேண்டும்: முழங்கை, அக்குள், தொடைச்சந்து, முழங்காலின் பின்பக்கம். மடக்கிய முழங்கையின் உள்பக்கம் துணி நெருங்கிச் சுருங்கும், வெளிப்பக்கம் இழுபட்டு வழுவழுப்பாகும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் வரி வரியாக இருந்தால் அது அலங்காரம், மடிப்பு இல்லை.

அப்புறம், ஸ்கேல் கையில் இருந்தால் துப்பாக்கியை அளந்து விடுங்கள். நம் ஆட்கள் த்ரீ நாட் த்ரீ என்று சொல்லும் பழைய லீ என்ஃபீல்டின் நீளம் ஏறக்குறைய 113 சென்டிமீட்டர். 1/35 அளவில், அதாவது நிஜத்தில் 35இல் ஒரு பங்காகச் செய்த ஃபிகரில், 32 மில்லிமீட்டர் வர வேண்டும். மூன்று நான்கு மில்லிமீட்டர் தப்பினால் மற்ற அளவுகளையும் சந்தேகப்படலாம். மேசை மேல் வைத்து ஆடும் 28 மில்லிமீட்டர் போர் விளையாட்டு ஃபிகர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு ஓடாது. மேசையின் அந்தப் பக்கம் இருப்பவருக்கும் தெரிய வேண்டும் என்று தலை, கை, ஆயுதம் எல்லாவற்றையும் வேண்டுமென்றே பெருக்கித்தான் செய்வார்கள்.

குளச்சலிலிருந்து

எல்லாரும் ஒரே தராசைத் தூக்கிக்கொண்டு நிற்கிறீர்கள், எனக்குச் சம்மதமில்லை. என்னிடம் இருப்பவை பெரும்பாலும் பழைய ஈயப் பொம்மைகள். பிரிட்டன்ஸ் கம்பெனி 1893இல் உள்ளே பொள்ளலான ஈய வார்ப்பைக் கொண்டுவந்தது. உருகிய ஈயத்தை அச்சில் ஊற்றி, ஓரம் இறுகியதும் நடுவில் இருப்பதைக் கவிழ்த்துவிடுவார்கள். ஈயமும் மிச்சம், விலையும் குறைவு. குழந்தை கையில் உருள வேண்டிய பொம்மை அது. அதில் போய் அக்குள் மடிப்பைத் தேடினால் எப்படி? அங்கே நான் பார்ப்பது தூரத்திலிருந்து ஆள் ஆளாகத் தெரிகிறானா, குதிரையின் கழுத்து வளைவு ஒரே ஓட்டமாக இருக்கிறதா என்பதைத்தான்.

பிளாஸ்டிக்கிலும் அச்சுக்கு இருக்கும் எல்லையை மறக்க வேண்டாம். உருக்கு அச்சு நேராகத் திறக்க வேண்டும், குடைவு இருந்தால் பொருள் மாட்டிக்கொள்ளும். அதனால் விலாப்பக்கத்துப் பட்டனும் பை மூடியின் அடிவிளிம்பும் மழுங்கித்தான் வரும். ரெசினுக்கு, அதாவது ஊற்றி இறுக வைக்கும் பிசினுக்கு, போடும் சிலிக்கான் ரப்பர் அச்சு வளைந்து கொடுக்கும். அங்கே மழுங்கியிருந்தால் சிற்பியையோ தேய்ந்த அச்சையோ குறை சொல்லலாம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. 1741 குளச்சல் போரின் டச்சு வீரன் என்று சொல்லி எனக்கு ஒருவர் ஒரு ஃபிகரைக் காட்டினார். தலையில் குழாய் மாதிரி ஷாகோ தொப்பி! அது ஐரோப்பியப் படைகளில் பரவியது 1800 வாக்கில். குளச்சலில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையைப் பழக்கிய டச்சுப் படை அதிகாரி டிலனாய் 1777இல் இறந்து உதயகிரிக் கோட்டையில் அடங்கிவிட்டார், அவர் அதைக் கண்ணால் கண்டிருக்க வழியில்லை. ஆனால் சொல்ல வந்தது வேறு: அந்த ஃபிகரின் சிற்ப வேலை அருமை. கோட்டின் வால் காற்றில் திரும்பியிருப்பதும், பயனெட்டை (துப்பாக்கி முனைக் கத்தியை) பிடித்த விரல் ஒவ்வொன்றும் தனியாக மடங்கியிருப்பதும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பெயர் தப்பு, வேலை சுத்தம். நெப்போலியன் காலத்து ஆள் என்று சொல்லி அலமாரியில் வைத்துவிட்டேன்.

நாகர்கோவில், தொடங்கி வைத்தவர்

குளச்சல்காரர் சொல்வதில் ஈயப் பொம்மையை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்று ஆயிரக்கணக்கில் விலை சொல்லி விற்கும் ஃபிகருக்கு அந்தச் சலுகை கிடையாது.

பெயின்ட் அடிக்காததை வாங்குகிறவர்கள் முதலில் சாம்பல் நிற பிரைமர் (அடிப்பூச்சு) ஒரு கை அடித்து, அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பிடித்துப் பாருங்கள். காது, விரல் இடுக்கு, காலர் அடி, மூன்றும் அப்போதுதான் வாய் திறக்கும். அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த கோடு முகத்தின் நடுவே ஓடுகிறதா, காதுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறதா என்றும் தெரிந்துவிடும். பெயின்ட் அடித்து வருபவற்றில் கண்ணையும் கன்னத்து நிழலையும் தூரிகையே கொடுத்திருக்கலாம், அதனால் முதுகைத் திருப்பிப் பாருங்கள். அங்கே யாரும் அவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

குளச்சலிலிருந்து

ஒரு கேள்வி. என் பழைய ஈயக் குதிரை ஒன்றில் வெள்ளையாகப் பொடி பூக்கிறது, பிடரி முடியின் வரிகள் மறைந்துகொண்டே வருகின்றன. கடல் காற்றா?

மார்த்தாண்டத்திலிருந்து

ஈரக்காற்றுக்குப் பங்கு உண்டு. ஆனால் அண்ணே, அலமாரி ப்ளைவுட்டா? சில மரங்களும் ப்ளைவுட்டும் பசைகளும் விடும் அசிட்டிக் அமில ஆவி ஈயத்தை அரிக்கும். மூடிய அலமாரி என்றால் இன்னும் மோசம். முதலில் குதிரையை மற்றவற்றிலிருந்து பிரித்துக் கண்ணாடியும் உலோகமும் மட்டும் உள்ள இடத்துக்கு மாற்றுங்கள். பொடி விஷம், கையுறை இல்லாமல் தொட வேண்டாம், வாயால் ஊதவும் வேண்டாம். வரி போன பிடரியைத் திரும்பக் கொண்டுவர முடியாது. மற்ற குதிரைகளையாவது இன்றைக்கே வெளியே எடுங்கள்.