'சிக்னலிங்' என்பதற்குத் 'தூது': என் முன்மொழிவு

மதிப்பிற்குரிய கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இணையவழிக் குரல், காணொளி, செய்தித் தொடர்புகளில், தொடர்பை ஏற்படுத்தவும் முடிக்கவும் கருவிகள் தமக்குள் செய்தி பரிமாறும் விதிமுறையாகிய 'சிக்னலிங் புரோட்டோக்கால்' என்பதற்குச் 'சமிக்ஞை நெறிமுறை', 'குறிகை நெறிமுறை' என்று இரண்டு சொற்கள் நம் முன் இருக்கின்றன. 'நெறிமுறை' என்ற பின்பாதியில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. முன்பாதியை முடிவு செய்வதற்கு முன் சற்றுப் பொறுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

சமிக்ஞையை முன்மொழிந்த ஐயா அவர்கள், தொலைபேசித் துறையில் அந்தச் சொல் ஏற்கெனவே புழங்குவதைச் சுட்டிக்காட்டியிருந்தார். அது நியாயமான வாதம். பழைய தொலைபேசி வலையமைப்பில் பேச்சு போகும் அதே கம்பியில்தான் கட்டுப்பாட்டு ஒலிகளும் போயின. அமெரிக்காவின் நெடுந்தொலைவு இணைப்புகளில் 2600 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றே 'இந்தத் தடம் காலியாக உள்ளது' என்று அடுத்த நிலையத்துக்கு உணர்த்தியது. அதே ஒலியைத் தாமே எழுப்பி இலவசமாகப் பேசியவர்களும் இருந்தார்கள். அந்தக் காலத்துக்குச் சமிக்ஞை மிகப் பொருத்தமான சொல்லே. ஆனால், இன்று நாம் பெயரிட முயலும் பொருள் அந்த ஒலி அல்ல.

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் சமிக்ஞை என்றால் சாலைச் சந்திப்பில் உள்ள விளக்குதான். அது காட்டும், காட்டியதோடு அதன் வேலை முடிந்தது. எவரிடமும் அது மறுமொழி எதிர்பார்ப்பதில்லை. இணையத் தொலைபேசியில் நடப்பது வேறு. 1999இல் 'ஆர்எஃப்சி' எனப்படும் இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசையில் ஆர்எஃப்சி 2543 ஆக வெளிவந்து, 2002 ஜூனில் ஆர்எஃப்சி 3261 ஆகத் திருத்தி எழுதப்பட்ட 'சிப்' என்னும் அமர்வுத் தொடக்க நெறிமுறையையே எடுத்துக்கொள்வோம். அழைப்பவரின் கருவி 'இன்வைட்' என்ற செய்தியை அனுப்புகிறது. 'முயன்றுகொண்டிருக்கிறேன்' என்று 100ஆம் எண் மறுமொழி வருகிறது. 'மணி அடிக்கிறது' என்று 180 வருகிறது. எடுத்தால் 200, வேறு அழைப்பில் இருந்தால் 486, மறுத்துவிட்டால் 603. எடுத்த பிறகும், மறுமொழி கிடைத்ததை உறுதிப்படுத்தி அழைத்தவரின் பக்கத்திலிருந்து 'ஆக்' ஒன்று போகிறது. இடையிலே, நான் இந்த இந்த ஒலிக்குறிமுறைகளில் (குரலை எண்வடிவாக்கும் முறைகளில்) பேச முடியும், இந்த முகவரிக்கு உன் குரலை அனுப்பு என்று ஒருவர் கூற, மற்றவர் அவற்றுள் தமக்கு இசைவானதைத் தேர்ந்து சொல்கிறார். கேட்டு, பதில் பெற்று, இருவரையும் உடன்படச் செய்து, முடிவில் 'பை' சொல்லிக் கலைப்பது வரை அத்தனையும் இதனுள் அடங்கும்.

இந்த வேலைக்கு நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது. அது 'தூது'.

இதை நான் அகராதியில் தேடி எடுக்கவில்லை. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ரப்பர் தோட்டத்தில் தொலைபேசி இருந்த ஒரே இடம் தலைமை எழுத்தராகிய பெரிய கிராணியின் அலுவலகம். சிங்கப்பூரில் வேலை பார்த்த என் மாமா அங்கே அழைத்து, இன்னாரைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். அலுவலகப் பையன் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு ஓடி வருவான். அம்மா வீட்டில் இல்லையென்றால், அன்று எந்த மர வரிசையில் பால் வெட்டுகிறார் என்று மேற்பார்வையாளரான தண்டலிடம் கேட்டுக்கொண்டு அங்கே ஓடுவான். அம்மா வருவாரா, மாட்டாரா என்ற பதிலோடு திரும்பிப் போவான். சிறிது நேரத்தில் மாமா மறுபடி அழைப்பார். அம்மா கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு பேசுவார். அந்தப் பையன் ஓடிய ஓட்டம்தான் சிக்னலிங். அவர்கள் என்ன பேசினார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. பேச்சு அவன் வழியாகப் போகவும் இல்லை. ஆனால், அவன் ஓடாவிட்டால் பேச்சே இல்லை. ஆளின் இருப்பிடத்தைத் தண்டலிடம் அவன் கேட்டதுகூட, 'ரெஜிஸ்டர்' செய்தியின் வழியே கருவிகள் தம் இருப்பிடத்தைப் பதிந்து வைக்கும் பதிவகத்திடம் கேட்பதற்கு ஒப்பானது.

தூதும் பேச்சும் வெவ்வேறு வழியில் போகின்றன என்பதே இத்துறையின் அடிப்படை. சொல் அதை மறைத்துவிடக் கூடாது. சில ஆண்டுகளுக்கு முன் அருகிலுள்ள ஒரு செம்பனை ஆலையில், அலுவலகத்துக்கும் லாரி நிறுவைக் கூடத்துக்கும் இடையே இணையத் தொலைபேசி பொருத்தினேன். இரண்டு இடங்களும் தனித்தனி வலையமைப்பில் இருந்தன. மறுநாளே நிறுவைக் கூடத்துத் தம்பி அழைத்து, "அண்ணே, மணி அடிக்குது, எடுத்தா ஊமையா இருக்கு" என்றார். கருவிகளுக்கிடையே போன செய்திகளை மடிக்கணினியில் பிடித்துப் பார்த்தேன். இன்வைட், 100, 180, 200, ஆக் என்று ஒவ்வொரு வரியும் பழுதின்றி இருந்தது. பிழை இன்வைட்டின் உள்ளே, அமர்வை விவரிக்கும் பகுதியில் 'சி' என்று தொடங்கும் ஒற்றை வரியில் இருந்தது. குரலை அனுப்ப வேண்டிய முகவரியாக, வெளியிலிருந்து எட்டவே முடியாத 192.168 என்று தொடங்கும் உள்முகவரி அங்கே எழுதப்பட்டிருந்தது. தூது சரியாகப் போய்ச் சேர்ந்தது. அது சொன்ன இடம் தவறு. குரல், காணொளி ஆகியவற்றை இத்துறையில் 'மீடியா', அதாவது ஊடகம், என்பார்கள். இதைச் 'சமிக்ஞை சரி, ஊடகம் தவறு' என்று அந்தத் தம்பியிடம் சொல்லியிருந்தால், ஊடகம் என்றதும் அவர் நாளிதழையும் தொலைக்காட்சியையும் நினைத்திருப்பார்.

மிஸ் கால் கொடுப்பதையும் எண்ணிப் பாருங்கள். பேருந்து நிலையத்தில் இறங்கியதும் இரண்டு மணி விட்டுத் துண்டித்தால் வீட்டில் புரிந்துகொள்கிறார்கள். பேச்சு ஒரு சொல்லும் போகவில்லை, தூது மட்டும் போயிருக்கிறது.

எழக்கூடிய மறுப்புகளில் இரண்டைப் பேச வேண்டும். தூது என்றதும் தூதரகம் நினைவுக்கு வரும் என்பது ஒன்று. தூதர், தூதுவர் என்ற ஆட்பெயர்களை இத்துறைக்குள் கொண்டுவராமல், செயற்பெயராகிய தூதை மட்டும் ஆண்டால் அந்தக் குழப்பம் நேராது: தூது நெறிமுறை, தூதுச் செய்தி, தூதுப் பாதை, தூது வழங்கி. கிளைச்சொற்கள் இவ்வளவு எளிதாகப் பிறப்பதே ஒரு வேரின் வலிமை. மற்றது, குறுஞ்செய்திக்கு இது பொருந்துமா என்பது. ஆர்எஃப்சி 3428 சேர்த்த 'மெசேஜ்' முறையில் அமர்வு எதுவும் அமைவதில்லை. செய்தியே தூதின் கையில் கொடுத்தனுப்பப்படுகிறது. 'அழைப்பு' என்ற வேரிலிருந்து சொல் அமைத்திருந்தால் இங்கே இடறியிருப்போம். தூதுக்கோ இதுதான் மிகப் பழைய பொருள். அன்னத்தையும் கிளியையும் மேகத்தையும் தூது விட்ட மொழி நம்முடையது.

குறிகையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. குறியீடு, குறிமுறை, குறிப்பான் ஆகியவற்றின் நெரிசலில் அது தொலைந்துபோகும்.

'அமர்வுத் தொடக்க நெறிமுறை' என்பது ஒரு குறிப்பிட்ட நெறிமுறையின் தனிப்பெயர் என்பதால் அதை மாற்ற வேண்டியதில்லை. அது சேர்ந்த வகைக்குப் பெயர் 'தூது நெறிமுறை' என்று இருக்கட்டும்; 1996இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வெளியிட்ட எச்.323 தொகுதியும் இதே வகையில் அடங்கும். மின்னணுவியலில் வரும் 'சிக்னல்' என்பதற்குச் சமிக்ஞையோ குறிகையோ தொடர்வதில் எனக்குத் தடையில்லை. ஊடகம் என்ற சொல்லின் இடர்ப்பாட்டைத் தனி இழையில் பேசலாம்.

அந்த ஆலைக்கு நான் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கக் கையேட்டில், 'தூது வருகிறதா, பேச்சு வருகிறதா என்று தனித்தனியாகப் பாருங்கள்' என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். விளக்கம் எதுவும் எழுதவில்லை. சில மாதங்கள் கழித்து அதே தம்பி அழைத்து, "அண்ணே, இந்தத் தடவை தூதே வரல" என்றார். குரல் பாதையை ஆராயாமல் நேரே பதிவகத்தைப் பார்த்தேன். அந்தக் கருவியின் பதிவு காலாவதியாகியிருந்தது.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் உறுப்பினர்