போர்ட் சேனலில ஸ்பானிங் ட்ரீ கொஸ்ட்: ஆராவது சொல்லுங்கோ

அண்ணாமார், அக்காமார், உப்புவெளியில ஒரு ஹோட்டல் நெட்வேர்க் பாக்கிறன். ரூட் சுவிட்சுக்கும் (பாதைக் கணக்குக்குத் தலைமையான சுவிட்ச்) மாடிச் சுவிட்சுக்கும் இடையில ரெண்டு 1 ஜிகாபிட் கேபிளை எல்ஏசிபி எண்ட முறையில ஒண்டாக் கட்டியிருக்கு, அந்தக் கட்டுத்தான் போர்ட் சேனல். ஸ்பானிங் ட்ரீ (வளையம் வராம, கொஸ்ட் குறைஞ்ச பாதையை மட்டும் திறந்து வைக்கிற முறை) அதை ஒரே போர்ட்டாத்தான் எடுக்கும், கொஸ்ட் 10000. சமையல்கட்டுச் சுவிட்ச் வழியா இன்னொரு பாதை, மொத்தம் 12000.

கடல்காத்தில கனெக்டர் துருப்பிடிச்சோ என்னவோ, ஒரு கேபிள் விழுந்தா கொஸ்ட் 20000 ஆகுது. உடன பாதை மாறுது, கேபிள் வந்தோடன திரும்ப மாறுது. ரிசெப்ஷன்காரர் என்னைத்தான் பேசினம்!

கேபிள் மாத்தத்தான் போறன். ஆனா கொஸ்ட்டை 10000 எண்டு கையால நிப்பாட்டினா ஆடாதோ? மெம்பர் போர்ட்டில (கட்டுக்குள்ள இருக்கிற தனிப் போர்ட்டில) போட்டன், அசையேல்ல. போர்ட் சேனலிலயோ போடவேணும்? மாடிப் பக்கம் மட்டும் போட்டாக் காணுமோ, ரூட் பக்கமும் வேணுமோ?