சிவப்பு டேப் சுற்றிய கேபிள்

[மாலை 5:40] அண்ணா: மாமா, நீங்கள் கொடுத்த பழைய ஆம்ப்பை (ஒலிபெருக்கும் ஆம்ப்ளிஃபையரை) இன்று மாட்டிவிட்டேன். இடது ஸ்பீக்கர் அதில், வலது ஸ்பீக்கர் புது ஆம்ப்பில். தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் அருமை. சேர்த்துப் போட்டால் பேஸ், அந்தக் கனமான கீழ் ஒலி, எங்கே போகிறது என்றே தெரியவில்லை.

[5:44] மாமா: இரண்டுக்கும் நடுவில் நின்று கேள். பாடுகிறவரின் குரல் நேர் எதிரே நிற்கிறதா, காதைச் சுற்றி எங்கெங்கோ பரவுகிறதா?

[5:47] அண்ணா: பரவுகிறது மாமா. ஓரமாக நகர்ந்தால் பேஸ் கொஞ்சம் வருகிறது.

[5:49] மாமா: அப்போது ஒரு பக்கம் தலைகீழாக ஓடுகிறது. ஒரு ஸ்பீக்கரின் கோன், அதாவது முன்னும் பின்னும் அதிரும் கூம்பு, முன்னால் தள்ளும்போது இன்னொன்று பின்னால் இழுக்கிறது. பேஸ்தான் முதலில் அடிபடும். இரண்டு ஆம்ப்பையும் அணைத்துவிட்டு, ஒரு ஸ்பீக்கரில் மட்டும் பிளஸ் மைனஸை மாற்றிப் போட்டுப் பார்.

[6:02] அண்ணா: மாற்றியதும் பேஸ் வந்துவிட்டது! குரலும் நடுவில் வந்து நின்றது. இப்படியே விட்டுவிடட்டுமா?

[6:03] மாமா: வேண்டாம் மாப்பிள்ளை, பழையபடி போட்டுவிடு. எங்கே திரும்பியிருக்கிறது என்று தெரியாமல் விட்டால் நாளைக்கு வேறு ஸ்பீக்கர் மாட்டும்போது திரும்ப இதே கூத்து. 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை எடு. ஆம்ப்பிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டு, அந்த முனையில் பிளஸ்ஸுக்குப் பிளஸ்ஸாக ஒரு நொடி தொட்டு எடு. கோன் எந்தப் பக்கம் போகிறது?

[6:15] அண்ணா: இரண்டும் வெளியே வருகின்றன.

[6:16] மாமா: சரி, ஸ்பீக்கரும் அதன் ஒயரும் சுத்தம். இதைக் கேட்காமல் விட முடியாது. பழைய ஜேபிஎல் ஸ்பீக்கர்களில் சிவப்பு முனைக்குப் பிளஸ் கொடுத்தால் கோன் உள்ளே போகும். நிறத்தை நம்பி மாட்டி ஒரு நாள் முழுக்கத் தேடியிருக்கிறேன்.

[6:20] நான்: மாமா, குறுக்கே பேசுகிறேன். மைக்கிலும் ஏதோ குறை. இரண்டு மைக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திறந்தால் என் குரல் மெலிந்து தகரம் மாதிரி ஆகிறது. ஒன்றை மூடினால் சரியாகிறது.

[6:22] மாமா: நல்ல வேளை சொன்னாய் கண்ணு. அதுவும் இதே நோய்தான். மாப்பிள்ளை, நான் கொடுத்த பெட்டியில் சிவப்பு டேப் சுற்றிய கேபிள் ஒன்று இருந்ததே, எங்கே?

[6:24] அண்ணா: டேப் பிசுபிசுப்பாக இருந்தது மாமா. எல்லாவற்றையும் துடைக்கும்போது உரித்துப் போட்டுவிட்டேன். இப்போது எது என்று தெரியாது.

[6:25] மாமா: அதுதான் விஷயம். அந்தக் கேபிளை அந்த ஆம்ப்புக்காகவே செய்தேன். தப்பு என்னுடையது, டேப்பில் காரணத்தை எழுதியிருக்க வேண்டும். மல்டிமீட்டரைத் தொடர்ச்சி சோதனையில் (எந்த முனை எதோடு சேர்கிறது என்று காட்டும்) வைத்து, எல்லா எக்ஸ்எல்ஆர் கேபிளையும், அதுதான் மைக்குக்குப் போடும் மூன்று பின் கேபிள், ஒவ்வொரு பின்னாகப் பார். நம்பர் ஒவ்வொரு பின்னுக்கும் பக்கத்தில் பிளாஸ்டிக்கில் அச்சாகியிருக்கும், டார்ச் அடித்தால்தான் தெரியும்.

[6:51] நான்: நான் பார்த்தேன் மாமா. மைக்கில் இருந்த கேபிள் ஒன்றில் 1 ஒன்றுக்கு, ஆனால் 2 மூன்றுக்கும் 3 இரண்டுக்கும் போகிறது. மூடியைத் திருகித் திறந்தால் ஒரு முனையில் மட்டும் சிவப்பு ஒயர் 3-இல் பற்ற வைத்திருக்கிறது.

[6:53] மாமா: அதேதான்!

[6:54] அண்ணா: எதற்காக மாமா அப்படிச் செய்தீர்கள்?

[7:01] மாமா: இந்த மாதிரி பேலன்ஸ்டு கேபிளில் பின் 1 ஷீல்டு, அதாவது இரைச்சலைத் தடுக்கும் உறை. சிக்னல் 2-இலும் 3-இலும் ஒன்றுக்கொன்று எதிராக ஓடும். உள்ளே போனதும் கருவி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்துக்கொள்ளும். வழியில் புகுந்த இரைச்சல் இரண்டிலும் ஒன்றுபோல இருப்பதால் அடிபட்டுப் போகும். எது பிளஸ் என்பதில்தான் அந்தக் காலத்தில் ஊருக்கு ஒரு வழக்கம். ஐரோப்பியக் கருவிகளில் பெரும்பாலும் 2, அமெரிக்க, ஜப்பானியப் பழைய கருவிகள் பலவற்றில் 3. ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி 1992-இல் ஏஇஎஸ்14 என்ற தரத்தில் பின் 2-தான் பிளஸ் என்று எழுதி வைத்தது. உன் ஆம்ப் அதற்கு முந்தியது. பின்னால் சாக்கெட் பக்கத்தில் பார், ஏதாவது அச்சடித்திருக்கும்.

[7:06] அண்ணா: ஆமாம் மாமா! சின்னதாக ஒரு படம், 3-க்கு நேரே பிளஸ். இத்தனை நாள் கண்ணில் படவே இல்லை.

[7:08] நான்: அந்தக் கேபிளில் கண்டென்சர் மைக் மாட்டி 48 வோல்ட் கொடுத்திருந்தேன். மைக் கெட்டிருக்குமா?

[7:10] மாமா: பயப்படாதே. ஃபாண்டம் பவர், அதாவது மைக்குக்குக் கேபிள் வழியாகவே போகும் அந்த 48 வோல்ட், 2-க்கும் 3-க்கும் சமமாகத்தான் போகும், ஆளுக்கு ஒரு 6.8 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக. இரண்டையும் மாற்றினாலும் மைக்குக்கு வித்தியாசம் தெரியாது. ஒலி மட்டும் தலைகீழாகும். 1 வேறு ஒன்றோடு மாறினால்தான் கவலை.

[7:13] அண்ணா: அப்போது இந்தக் கேபிளை ஆம்ப்பில் மாட்டிவிட்டால் முடிந்ததா?

[7:18] மாமா: இன்றைக்குக் கேட்க அது போதும். ஆனால் என் மனசு ஒப்பவில்லை. கேபிள் ஊர் சுற்றும், கருவி இருந்த இடத்தில் இருக்கும். அதனால் திருத்தத்தைக் கருவிக்குள்ளேயே வைப்பது நல்லது. நான் அன்றைக்குச் சோம்பல்பட்டுக் கேபிளில் செய்தேன். மின்சார பிளக்கைக் கழற்றிவிட்டு விடு, உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் சார்ஜை வைத்திருக்கும். நாளைக்கு நான் வந்து அளந்து பார்த்துவிட்டுத் திறக்கலாம். நீயாகத் திறக்காதே.

[7:19] அம்மா: நீ வரும் வரை அதைத் தொட விடமாட்டேன்.

[மறுநாள் காலை 11:30] அண்ணா: மாமாவும் நானும் முடித்துவிட்டோம். உள்ளே இன்புட் சாக்கெட்டில் 2-ஐயும் 3-ஐயும் மாற்றிப் பற்ற வைத்தாயிற்று. சிவப்பு டேப் கேபிளையும் நேராக்கிவிட்டோம். அச்சடித்த படத்துக்கு மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, "பின் 2 பிளஸ், உள்ளே மாற்றப்பட்டது" என்று தேதியோடு எழுதியிருக்கிறேன்.

[11:34] நான்: இரண்டு மைக்கையும் திறந்து பேசினேன். ஒன்றைத் திறந்தபோது இருந்ததைவிடக் குரல் கனமாக வருகிறது.

[11:35] அம்மா: எனக்கு அடுத்த அறைக்கே கேட்டது.