புதுப்பிப்பு: இரண்டு இஞ்சினும் ஒரே முகவரியில் ஓடிய சிக்கல் தீர்ந்தது

நான் கேட்ட கேள்வி இதுதான்: டிஜிட்டல் கட்டளையில் (டிசிசி) ஓடும் என் மாதிரி ரயில் இஞ்சின்கள் பிளையிங் ஸ்காட்ஸ்மன் (4472), மல்லார்ட் (4468) இரண்டுக்கும் நாலு இலக்க முகவரி (கண்ட்ரோலர் இஞ்சினை அழைக்கும் எண்) எழுதியும், இரண்டுமே பழைய முகவரி 3-லேயே சேர்ந்து ஓடின. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "சிவி 29-ஐப் பாருங்க" என்றவர் சொன்னதுதான் சரி. (சிவி என்பது இஞ்சினுக்குள் கட்டளையைப் படிக்கும் சிப்பான டீகோடரில், அமைப்புகளை எண்ணாகச் சேமிக்கும் இடம்.)

நாலு இலக்க நீள முகவரி சிவி 17, 18-இல் இருந்தாலும், சிவி 29-இல் உள்ள எண்ணோடு 32 சேராதவரை டீகோடர் குறுகிய முகவரி இருக்கும் சிவி 1-ஐத்தான் பார்க்கும். சில கண்ட்ரோலர்கள் தாமாகவே சேர்த்துவிடும், என்னுடையது சேர்க்கவில்லை. 6 இருந்தது, 38 ஆக்கியதும் 4472 தனியாக நகர்ந்தது.

கையால் எழுதுகிறவர்களுக்குக் கணக்கு: 4472-ஐ 256-ஆல் வகுத்தால் ஈவு 17, மீதி 120. ஈவோடு 192 கூட்டி, சிவி 17-இல் 209. சிவி 18-இல் 120. முதலில் 17, பிறகு 18. மல்லார்டுக்கு 209, 116.

எதிர்பாராதது மல்லார்டில். 4468-க்கு விசில் அடிக்கிறது, சக்கரம் மட்டும் அசையவில்லை! மோட்டார் போச்சு என்றே தோன்றும். காரணம் சிவி 19: முன்பு இரட்டை இஞ்சினாக ஓட்டியபோது போட்ட 12 அப்படியே கிடந்தது. அதில் எண் இருந்தால் வேகக் கட்டளையை அந்தக் கூட்டு முகவரியில்தான் கேட்கும். 0 எழுதியதும் ஓடியது.

ப்ரோகிராமிங் டிராக்கில் (சிவி எண்களை எழுதும் தனித் தண்டவாளம்) ஒரு நேரத்தில் ஒரு இஞ்சின்தான். இரண்டை வைத்தால் இரண்டுக்கும் ஒரே எண் ஏறிவிடும்.