பாம்புக்கடி ஊசி மாதிரி கண் புண்ணுக்கு ஒன்று இல்லையா? கருவிழிப் புண் வந்தவர்களின் அனுபவங்கள்

சோழவந்தானிலிருந்து

போன தை அறுப்பில் அம்மாவின் வலது கண்ணில் நெல் சுணை பட்டது. மெஷின் அறுத்த வயல்தான். மெஷின் திரும்ப முடியாத மூலையை மட்டும் கையால் அறுத்துக் களத்தில் அடித்தபோது தெறித்தது. முந்தானையைச் சுருட்டி வாயால் ஊதிச் சூடாக்கி ஒற்றிக்கொண்டார். சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா தாய்ப்பால் இரண்டு சொட்டு விட்டார். மறுநாள் கண் சிவந்ததும் மருந்துக் கடையில் கேட்டு நான்தான் சொட்டு மருந்து வாங்கிவந்தேன். சிவப்பு சட்டென்று குறைந்தது, நிம்மதியாக இருந்துவிட்டோம். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது, சிவப்பை அடக்கிவிட்டுக் கிருமியை வளரவிட்டது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

மூன்றாம் நாள் விடியும்போது அம்மாவால் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. இமையை விலக்கிப் பார்த்தால் கருவிழியில் அரிசிக் குருணை அளவுக்கு வெள்ளைப் புள்ளி. அதற்குக் கீழே, கண்ணுக்கு உள்ளேயே, சீழ் ஒரு கோடாகத் தேங்கி நின்றது. முதல் பஸ்ஸில் மதுரைக்குக் கிளம்பினோம்.

டாக்டரம்மா எடுத்தவுடன் மருந்து எழுதவில்லை. கண் மரத்துப்போகச் சொட்டு விட்டார். தாடையைக் கருவியில் வைக்கச் சொல்லி, சின்னக் கரண்டி போன்ற ஒன்றால் புண்ணின் ஓரத்தைச் சுரண்டினார். எடுத்ததில் கொஞ்சத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவினார். மீதியைக் கிருமி வளர்க்கும் தட்டில் பிறை பிறையாக இழுத்தார். பாக்டீரியாதான், காளான் (பூஞ்சை) இல்லை என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. இரண்டு நாளில் பெயரும் வந்தது: சூடோமோனாஸ். நான் வாங்கிக் கொடுத்த சொட்டில் இருந்த ஆன்டிபயாடிக் அதற்குக் கேட்காது என்றும் ரிப்போர்ட்டில் இருந்தது. அந்த வரியைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது.

மருந்தை மாற்றி, மணிக்கு ஒரு தடவை, ராத்திரியிலும் எழுப்பி எழுப்பி விட்டார்கள். இரண்டாம் நாள் ரவுண்ட்ஸில் அம்மாவே கேட்டார்: "எங்க அண்ணனைக் கட்டுவிரியன் கடிச்சப்ப ஒரு ஊசி போட்டுக் காப்பாத்துனாக. அது மாதிரி இந்தக் கிருமிக்கு ஒண்ணும் இல்லையா டாக்டரம்மா?"

டாக்டரம்மா நின்றுவிட்டார். "நல்ல கேள்வி கேட்டீங்கம்மா" என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

பாம்புக்கடி மருந்து என்பதே ஆன்டிபாடிதான், அதாவது நஞ்சையோ கிருமியையோ பிடித்து முடக்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள். குதிரைக்கு விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் அதன் ரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டாகும். அதைப் பிரித்து நமக்குப் போடுகிறார்கள். நாய்க்கடிக்குத் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் இதே இனம். சூடோமோனாஸ் கிருமிக்கு ஊசி மாதிரியே ஒரு உறுப்பு உண்டாம். அதைக் கருவிழியின் செல்லுக்குள் குத்தி நஞ்சை இறக்குமாம். அந்த ஊசியின் முனையில் பிசிஆர்வி என்று ஒரு புரதம் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடியைக் கொடுத்தால் கிருமியால் நஞ்சை இறக்க முடியாது. ஆன்டிபயாடிக் கேட்காத கிருமியிடமும் இந்த வழி செல்லும், அதனால்தான் இவ்வளவு பேர் இதில் உழைக்கிறார்கள் என்றார்.

ஆனால் கண்ணில் வரும் பாக்டீரியா புண்ணுக்கென்று ஒப்புதல் பெற்ற ஆன்டிபாடி மருந்து இன்றைக்கு இல்லை. விலங்குகளின் கண்ணில் நல்ல பலன் தெரிந்திருக்கிறது. மனிதர்களிடம், அதுவும் ஐசியூ நோயாளிகளின் நுரையீரல் தொற்றைத் தடுக்கச் சூடோமோனாஸ் ஆன்டிபாடி ஒன்றைக் கொடுத்துப் பார்த்தபோது எதிர்பார்த்த பலன் வரவில்லை. இதையும் மறைக்காமல் சொன்னார். அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது என்பதும் அன்றைக்குத்தான் தெரியும். கையில் போடும் ஊசி மருந்து அங்கே எளிதில் போய்ச் சேராது. சொட்டாக விடலாம் என்றால் ஆன்டிபாடி பெரிய மூலக்கூறு, நல்ல கருவிழியின் மேல்தோலைத் தாண்டாது. புண் இருக்கும் இடத்தில் அந்தத் தோல் உரிந்திருப்பதால் ஓரளவு இறங்கும்.

தாய்ப்பாலைப் பற்றியும் கேட்டேன். அதிலும் கண்ணீரிலும் ஐஜிஏ என்ற ஆன்டிபாடி இருப்பது உண்மைதானாம். ஆனால் அதில் பாக்டீரியாவும் இருக்கும், அடிபட்ட கருவிழியில் விடவே கூடாது என்றார். பக்கத்து வீட்டு அக்காவிடம் இதைப் பக்குவமாகச் சொன்னேன். அவர் அழுதுவிட்டார்.

தெற்காவணி மூல வீதியிலிருந்து

நான் ஆய்வகத்தில் இந்தச் சுரண்டல் தகடுகளைப் பார்த்தே ஓய்வு பெற்றவன். ஒன்று சேர்க்கிறேன். நம் மதுரையில் 1994 ஜனவரி முதல் மார்ச் வரை கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்து 1997இல் வெளியிட்டார்கள். தை, மாசி, அதாவது அறுப்புக் காலம். 65 சதவீதம் பேருக்கு ஏதோ ஒன்று கண்ணில் பட்டிருந்தது. கிருமி வளர்ந்த தட்டுகளில் பாக்டீரியா மட்டும் 140, காளான் மட்டும் 139. கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி! பாக்டீரியாவில் முதலிடம் நியூமோகாக்கஸுக்கு, அடுத்தது சூடோமோனாஸ்.

பாம்புக்கடி மருந்து ஒரே குப்பியில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் கேட்கும். கிருமி அப்படியில்லை. சூடோமோனாஸுக்குச் செய்த ஆன்டிபாடி நியூமோகாக்கஸைத் தொடாது, காளானை ஒன்றும் செய்யாது. ஆக, நாளைக்கே அந்த மருந்து வந்தாலும் சுரண்டிப் பார்க்காமல் விட முடியாது. ஆய்வக வேலை கூடத்தான் செய்யும்.

எங்கள் குடும்பம் நகைப்பட்டறைக் குடும்பம், தாத்தா குன்றிமணி வைத்துத் தங்கம் நிறுத்தவர். அந்தக் குன்றிமணிக்கும் இந்த விஷயத்துக்கும் தொடர்பு இருக்கிறது. அதிலுள்ள அப்ரின் கொடிய நஞ்சு. 1891இல் பால் எர்லிக் அதை எலிகளுக்குச் சிறிது சிறிதாகக் கொடுத்து, நஞ்சை முறிக்கும் பொருள் அவற்றின் ரத்தத்தில் உண்டாவதைக் காட்டினார். 1901இல் பால் ரோமர் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் முயலின் ஒரு கண்ணில் மட்டும் அப்ரினை விட்டார். அந்தக் கண்ணின் சவ்வே எதிர்ப்பொருளைத் தயாரித்தது. அவரேதான் அப்புறம் நியூமோகாக்கஸ் கருவிழிப் புண்ணுக்குச் சீரமும் (எதிர்ப்பொருள் உள்ள ரத்தத் தெளிநீர்) செய்தார். உங்கள் அம்மா கேட்டதை நூறு வருடத்துக்கு முன்பே ஒருவர் செய்து பார்த்திருக்கிறார். ஆன்டிபயாடிக் வந்ததும் அந்த வழி மறந்துபோனது. (குன்றிமணியை இழைத்துக் கண்ணில் விடும் வைத்தியம் யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள், பார்வை போய்விடும்.)

உசிலம்பட்டியிலிருந்து

அப்பாவுக்குக் கிருமி போன பிறகும் புண் மூடாமல் ஐந்து வாரம் இழுத்தது. அவருடைய ரத்தத்தையே எடுத்து, உறையவிட்டுச் சுழற்றி, மேலே தெளியும் சீரத்தை 20 சதவீதமாகக் கலந்து சொட்டாகக் கொடுத்தார்கள். ஐஸ் பெட்டியில் வைத்துத்தான் பஸ்ஸில் கொண்டுவந்தோம். இது கிருமியைக் கொல்ல அல்ல, தோல் வளர உதவத்தான் என்று தெளிவாகச் சொன்னார்கள். கரண்ட் போகும் ஊரில் மருந்தைக் குளிரில் காப்பதே பெரிய வேலை. ஆன்டிபாடி மருந்துகளும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியவை, செய்பவர்கள் நம் கிராமங்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

மேலூரிலிருந்து

என் மகளுக்கும் சூடோமோனாஸ்தான். அவள் வயல் பக்கமே போனதில்லை. கான்டாக்ட் லென்ஸைக் கழற்றாமல் இரண்டு ராத்திரி தூங்கியிருக்கிறாள். சோழவந்தான் தம்பி, அம்மாவுக்குப் பார்வை எவ்வளவு திரும்பியது?

சோழவந்தானிலிருந்து

கண் பிழைத்துவிட்டது அக்கா. நடுவில் தழும்பு இருப்பதால் வலது கண்ணில் ஆள் தெரியும், முகம் தெரியாது. கருவிழி மாற்றுவது பற்றி ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். இந்த அறுப்புக்கு அம்மாவுக்கும் கூட வரும் நாலு பேருக்கும் வெல்டிங் பட்டறையில் போடுகிற மாதிரி, ஆனால் நிறமில்லாத கண்ணாடி வாங்கி வைத்திருக்கிறேன். வேர்த்தால் மங்குகிறது என்று அம்மா இரண்டு தடவை கழற்றினார். முந்தானையால் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.