ஒரே பெயரில் ஆளும் ஊரும்: ‘பொதுப்பெயர்ப் பக்கம்’ பொருந்துமா?

> வாஷிங்டன் என்ற பெயருள்ள ஆட்களையும் ஊர்களையும் சேர்த்துத் தரும் பக்கத்தைப் ‘பொதுப்பெயர்ப் பக்கம்’ எனலாமா?

வேண்டாம் ஐயா. இலக்கணத்தில் பொதுப்பெயர் என்றால் ஊர், மரம், மனிதன். வாஷிங்டன் சிறப்புப்பெயர். விக்கிப்பீடியாவின் ‘பக்கவழி நெறிப்படுத்தல்’ (ஒரே தலைப்புக்குப் பல பொருள் இருந்தால் பிரித்துக் காட்டும் பக்கம்) எல்லாக் குழப்பத்துக்கும் பொது. நமக்கு வேண்டியது அதன் உட்பிரிவு. ‘ஒருபெயர்ப் பட்டியல்’ என்று வைக்கலாம். (‘பெயரன்’ அழகான சொல்தான், ஆனால் அதைத் தாத்தாக்கள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.)

பட்டியலுக்குள் பெயர் போன திசையும் தெரிய வேண்டும். வடகிழக்கு இங்கிலாந்தில் வாஷிங்டன் ஓர் ஊர். அங்கிருந்த குடும்பம் அந்தப் பெயரை ஏற்றது. அந்த வழியில் வந்தவர் ஜார்ஜ் வாஷிங்டன். அவர் பெயரை 1791இல் அமெரிக்கத் தலைநகருக்கு இட்டார்கள். 1889இல் அதே பெயரில் ஒரு மாநிலமும் வந்தது. முன்னது ‘ஊர்வழிக் குடும்பப்பெயர்’, பின்னது ‘ஆள்வழி ஊர்ப்பெயர்’. இடத்தின் பெயர் அங்குள்ளவர்களைக் குறிக்கும் இடவாகுபெயர் இங்கே ஒட்டாது: ‘ஊர் சிரித்தது’ என்பது அந்த வாக்கியத்தோடு முடிகிறது, குடும்பப்பெயர் பேரப்பிள்ளை வரை போகிறது.

அடிக்கடி சறுக்கும் இடம், பட்டம். குன்னூர் பக்கத்து வெலிங்டனைக் குடும்பப்பெயர்க் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அந்த ஊருக்குப் பெயர் தந்த வெலிங்டன் பிரபுவின் குடும்பப்பெயர் வெல்லெஸ்லி. வெலிங்டன், சாமர்செட்டில் உள்ள ஊரை ஒட்டி வந்த பட்டம். சிட்னி, மெல்பேர்ன் நகரங்களும் அப்படித்தான்: சிட்னி பிரபு தாமஸ் டவுன்செண்ட், மெல்பேர்ன் பிரபு வில்லியம் லாம். இவற்றுக்குப் ‘பட்டவழி ஊர்ப்பெயர்’ என்று தனித் தலைப்பு வேண்டும்.

———

உட்பிரிவுகள் மூன்றும் சரி. ‘ஒருபெயர்’தான் இடிக்கிறது. ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதும் குடும்பப்பெயர்கள் தமிழில் ‘ரீட்’ என்ற ஒன்றில் வந்து விழுகின்றன. அவை மூன்று பெயர்கள், ஒன்றல்ல. மறுபக்கம், Houston என்ற ஒரே எழுத்துக்கூட்டல் டெக்சஸ் மாநில நகரத்தில் ஹியூஸ்டன், நியூயார்க் தெருவில் ஹவுஸ்டன். நகரம் சாம் ஹியூஸ்டன் பெயரில். தெரு ஜார்ஜியாவின் வில்லியம் ஹவுஸ்டன் பெயரில். அவர் தம் பெயரில் எழுதிய ஓர் எழுத்தைத் தெருப்பலகை விட்டுவிட்டது.

‘பெயரொப்புப் பட்டியல்’ என்றால் ஒலியொப்பும் எழுத்தொப்பும் அடங்கும்.

———

பெயரொப்பு இருக்கட்டும். அப்படியானால் தலைப்பைத் தமிழ் ஒலிப்புப்படி வையுங்கள். அதனடியில் ஆங்கில எழுத்துக்கூட்டல் வாரியாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் முதலில் ஆட்கள், பிறகு ஊர்கள். ஹியூஸ்டன், ஹவுஸ்டன் இரண்டும் தனிப் பக்கங்கள், தலையில் ஒன்றுக்கொன்று இணைப்பு. ஒரு தலைப்பைத் தேடுபவரைத் தானாக இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் ‘வழிமாற்று’ மட்டும் போடாதீர்கள். தெருவைத் தேடுபவர் டெக்சசில் போய் நிற்பார்.